அலமாரி பார்த்த பிறகு

தாமரைச்செல்வியைப் பெண் பார்க்க நெடுங்காட்டிலிருந்து வந்திருந்தார்கள். தனியாகப் பேச அவள் அறைக்குள் வந்தவர், புத்தக அலமாரியைப் பார்த்ததும் மலர்ந்துவிட்டார்.

“இதுல ரொம்பப் பிடிச்ச நாவல் எது?”

“இந்தத் தையல்காரி கதைங்க. பரீட்சையில தோத்து அழுதப்ப, இவதான் என்னைத் திரும்பப் படிக்க உக்கார வச்சா.”

“நானும் இதைப் படிச்சு அழுதிருக்கேன்!”

“கல்யாணத்துக்கு அப்புறமும் நாவல் படிக்க விடுவீங்களா?”

“படிச்சே ஆகணும். எங்க வீட்டுல கதை பேச ஆளில்லாமத் தவிக்கிறேன்.”

நேரமாகிவிட்டதென்று அப்பா கதவைத் தட்டினார். “என்னம்மா, பிடிச்சிருக்கா?”

“ரொம்பப் பிடிச்சிருக்குப்பா. இப்ப மாப்பிள்ளையை வரச் சொல்லுங்க, அவர்கிட்டயும் பேசிடறேன்.”

“அவன்கிட்ட என்னம்மா பேச்சு? ஒரு பக்கம்கூடப் படிக்க மாட்டான்!” என்றார் மாப்பிள்ளையின் அம்மா, இரண்டு நாவல்களை இடுக்கிக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தபடி.