கை நடுக்கம்

"கேமராவை ஸ்டாண்டுல வெச்சு எடுத்தும் படம் ஆடியிருக்குன்னா, பட்டனை அழுத்துற விரல் எப்படி நடுங்கியிருக்கணும்? குடியை விட்டுட்டேன்னு யார்கிட்ட கதை விடுறீங்க மாப்ள? நாளையிலேர்ந்து ஸ்டுடியோவுக்கு வராதீங்க."

ஸ்டுடியோக்காரரின் தங்கை கணவர் கேமராவை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மறுவாரம் ஸ்டுடியோக்காரரே அதை ஸ்டாண்டில் வைத்துப் படம் எடுத்தார். அதுவும் ஆடியிருந்தது. கேமராவைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் ஓடினார்.

"ஸ்டாண்டுல வெச்சா, கை நடுக்கத்தைச் சரிபண்ற சுவிட்சை அணைச்சிடணும் சார். இல்லேன்னா இந்த லென்ஸ், ஆடாத கேமராவை ஆடுதுன்னு நெனச்சு தானே ஆட்டி விட்டுடும்."

மாப்பிள்ளையின் கையை நம்பாமல், அந்தச் சுவிட்சை எப்போதும் போட்டே வைக்கச் சொன்னது அவர்தான்.

தங்கை கதவைத் திறந்தாள்.

"மாப்ள இருக்காரா? மன்னிப்புக் கேக்கணும்மா."

"ஒரு வருஷமா தொடாத மனுஷன். நீங்க வராதேன்னு சொன்ன அன்னிக்குத் திரும்ப ஆரம்பிச்சார். இப்ப நிஜமாவே கை நடுங்குது அண்ணா."