நடுவில் இருக்கும் நட்சத்திரம்

மெஹர்னிசா மாமி சமையலறைக் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார். பிறகு குளியலறைக் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தார். பழவேற்காட்டிலிருந்து வந்து இறங்கி இன்னும் டீகூடக் குடிக்கவில்லை.

சம்பந்தம் பேச வந்த வீட்டை எடைபோட அவருக்குக் கூச்சமே இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

இந்தச் சம்பந்தம் அமைந்துவிட வேண்டும் என்று விடிந்ததிலிருந்து துஆ கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் நான் பொன்னேரியை விட்டுப் போக வேண்டியவள். அதற்குள் இது முடிவாக வேண்டும்.

புதுப் புடவை கட்டியிருந்தேன். சமோசா நானே பொரித்தது. வாப்பாவை உள் அறையில், திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தேன். முன்னால் விட்டால் கும்மிடிப்பூண்டி இரும்புக் கடைக் கதையை ஆரம்பித்துவிடுவார்.

மாமி கூடத்துக்கு வந்து என் கம்ப்யூட்டர் முன்னால் நின்றார்.

“இது இன்னாம்மா, முட்டைய ஒடச்சி ஊத்தன மாதிரி?”

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அது என் ஆராய்ச்சிப் படம். யாராவது கேட்டுவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது.

அது ஒரு வயதான நட்சத்திரம் என்றேன். தன் மேல் போர்வையை எல்லாம் உதறிவிட்டது, சுற்றித் தெரிகிற புகை அதுதான். சாதாரணத் தொலைநோக்கியில் நடுவில் ஒரு சின்னப் புள்ளி, கதை முடிந்துவிட்டது என்றுதான் தோன்றும். வானத்துக்கு மேலே அனுப்பிய தொலைநோக்கியால் எக்ஸ்ரேயில் பார்த்தால் தெரியும், அந்தப் புள்ளி லட்சம் டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. அதிலிருந்து வீசும் காற்று பட்டுச் சுற்றியுள்ள வாயுவும் கொதிக்கிறது.

மாமியின் முகம் மாறியது. உள் அறையில் நாற்காலி கிரீச்சிட்டது.

வயதானது, முடிந்துவிட்டது. இன்றைக்குப் பார்த்தா இந்தப் பேச்சு? எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன்.

மாமி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் புள்ளியை உற்றுப் பார்த்தார்.

“இன்னும் எத்தினி வருசம் எரியும்?”

“அது ஆயிரக்கணக்குல எரியும் மாமி.”

மாமி ஒரு சமோசாவை எடுத்துக் கடித்தார். மெதுவாக மென்று முடித்தார்.

“எந்தங்கச்சி ஷமீமாக்கு அது போதும். அவ ஒண்டியா கஷ்டப்பட்டதும் போதும். நீ இனிமே என்னை மாமின்னு கூப்புடாதே, பெரியம்மான்னு கூப்புடு. போய் மாப்பிள்ளைய வரச் சொல்லு.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனி வீட்டை நினைத்துக் கவலைப்படாமல் பூனாவுக்கு ரயில் ஏறலாம். வேலைக்கு வருகிறேன் என்று அங்கே இன்னும் பதில்கூடச் சொல்லவில்லை.

திரைச்சீலையை விலக்கினேன். மருதாணி வைத்துச் சிவந்த தாடியும் நான் வாங்கித் தந்த புதுச் சட்டையுமாக வாப்பா வெளியே வந்தார். உம்மா மவுத்தான பிறகு அவர் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.