கதாநாயகிக்கு ஒரு பொன்னாடை

கீ... என்று ஒலிபெருக்கி அலறியது. குளத்தூர் வாசகசாலையின் ஓட்டு மேலிருந்த காக்கைகள் பறந்தன.

பேராசிரியர் ராபின்சன் மைக்கைத் தட்டிச் சரிசெய்துவிட்டுத் தொடர்ந்தார்.

விஜயதாஸின் சிறுகதைக்குப் பரிசு கிடைத்ததற்கான பாராட்டுக் கூட்டம் அது. கதையில் வரும் மனைவி, தினமும் சமையலறைப் பின்கதவின் கொண்டியைப் போடாமலே படுக்கப்போவாள்.

"அந்தக் கதவு ஒரு குறியீடாக்கும். புருசன் எந்நேரம் வந்தாலும் தட்டிக் காத்து நிக்கப்படாதுன்னு நினைக்கிய மனசு!"

கைதட்டல் எழுந்தது.

முன்வரிசையில் இருந்த ஷீஜாவுக்குக் காது மடல் எரிந்தது. விஜயதாஸின் மனைவி அவள். கதையில் வருகிறவளும் அவள்தான், ஊருக்கே தெரியும்.

பெயரை மட்டும் மாற்றியிருந்தார். ஈரக் கையைச் சேலை முந்தியில் துடைக்கிற பழக்கத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆனால் எழுதும்போது அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பரிசு வந்த பிறகுதான் படிக்கவே கொடுத்தார்.

அடுத்து வந்தவர் அந்தக் கதவைக் காதல் என்றார். அதற்கடுத்தவர் பக்தி என்றார்.

ஆளாளுக்கு அவள் மனசுக்குள் செருப்புக் காலோடு நடந்தார்கள். ஒருவராவது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பின்வரிசையில் பக்கத்து வீட்டுக் கிருபாபாய் மட்டும் கைதட்டவில்லை. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொறுமையின் வடிவமான நம் கதாநாயகிக்குப் பொன்னாடை!" என்று அறிவித்தார்கள். விஜயதாஸே வந்து போர்த்தினார். கேமராக்கள் மின்னின.

வாசகசாலைச் செயலாளர் உண்ணி மைக்கை நீட்டினான்.

"சேச்சி, ரெண்டு வார்த்தை. நன்றின்னு சொன்னாலே மதி."

நன்றி சொல்லிவிட்டால் முடிந்தது. அச்சில் இருப்பதுதான் அவள் வாழ்ந்த வாழ்க்கை என்றாகிவிடும். மகளும் பேரப்பிள்ளைகளும் அதைத்தான் நம்புவார்கள்.

ஷீஜா பொன்னாடையை எடுத்து மடித்து மேசைமேல் வைத்தாள்.

விஜயதாஸின் சிரிப்பு அப்படியே நின்றது. "ஷீஜா, ஆளுகள் இருக்காவ..." என்றார், உதடு அசையாமல்.

அவள் மைக்கை வாங்கினாள்.

"கொண்டி போடாம வச்சது ஆளு உள்ள வாறதுக்கில்ல, சாரே. இவரு குடிச்சிட்டு முன்வாசல்ல ஏறும்போ, நான் பிள்ளையத் தூக்கிட்டுப் பின்கதவு வழியா கிருபாபாய் வீட்டுக்கு ஓடுறதுக்காக்கும்."