கோப்பையில் ஒரு கட்டடம்

"கப்பை அப்படியே சாஸர்ல கவிழ்த்து வை தம்பி. நான் பார்த்துச் சொல்றேன்" என்றாள் வார்துஹி.

மெஸ்ரோப் சிரித்துக்கொண்டே கவிழ்த்தான். காபி குடித்துவிட்டுக் குறி கேட்காமல் எழுந்து போக, ஆர்மீனியாவின் எரவான் நகரத்தில் யாருக்கு மனசு வரும்?

வார்துஹியின் கண்ணோ, மேஜையில் அவன் வைத்திருந்த அளவு நாடாமேலேயே இருந்தது. நகரின் நட்டநடுவே, சோவியத் காலத்தில் கட்டிய அந்த வட்டமான சினிமா தியேட்டரின் கீழ்த்தளத்தில்தான் அவளுடைய காபிக்கடை. அதை இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டப்போகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டது. இவன் என்னடாவென்றால் காலையிலிருந்து தூணை அளக்கிறான், சுவரைத் தட்டுகிறான், மூலைமுடுக்கெல்லாம் படம் எடுக்கிறான். நகராட்சி ஆளாம். இனிக் கேட்கவும் வேண்டுமா? கொடி பிடித்துப் போராட அவளுக்கு ஆள்பலம் இல்லை. இருந்தது வாய் ஒன்றுதான்.

கோப்பையை நிமிர்த்தி, உள்ளே படிந்திருந்த காபி மண்டியைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"கல்யாணம் நிச்சயமாயிருக்கா?"

"ஆமாக்கா, அடுத்த மாசம்" என்று அவன் வாயைப் பிளந்தான். விரலில் மின்னிய புது மோதிரத்தை அவள் எப்போதோ பார்த்தாகிவிட்டது.

"நடக்கிறது கஷ்டம்தான். இதோ பாரு, வட்டமா ஒரு கட்டடம். பக்கத்துல பேனா பிடிச்ச கை. அந்தக் கை கையெழுத்துப் போட்டுதோ, பொண்ணு வேற ஒருத்தனோட போயிடுவா."

"அக்கா, நான் வந்ததே இந்தக் கட்டடத்தை..."

"உஷ். கப்பு பேசறப்ப மனுஷன் பேசக்கூடாது."

அவன் மறுபடி வாய் திறக்கப் பார்த்தான். அவள் விட்டால்தானே. மாமியார் சாபம், முப்பது வயதில் வழுக்கை என்று மண்டியில் இருந்ததையும் இல்லாததையும் சேர்த்து அளந்துவிட்டாள். பையன் முகம் வெளிறி எழுந்து வெளியே போனான். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் அவள் குத்தாட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்.

வாசலில் நின்று அவன் போனில் பேசுவது காதில் விழுந்தது.

"ஐயா, மன்னிச்சிடுங்க. இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். இந்தக் கட்டடத்தை யாரும் இடிக்கக் கூடாதுன்னு பாதுகாப்புப் பட்டியல்ல சேர்க்கிற வேலையை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

வார்துஹி கோப்பையும் கையுமாகத் தெருவுக்கு ஓடினாள்.

"தம்பி, நில்லுப்பா! கப்பைத் தலைகீழாப் பிடிச்சுப் பார்த்துட்டேன்!"