விட்டுக் கொடுத்த வீடு

"உள்ரூம் சுவர் ஊறிப்போய்க் கிடக்குங்க. மேலே பெயின்ட் அடிச்சு மூடியிருக்காங்க," என்று கணவனின் காதோடு சொன்னாள் அவள்.

"இருந்துட்டுப் போகட்டும். மாசக் கடைசிக்குள்ள நமக்குத் தலைக்கு மேல ஒரு கூரை வேணும். நீ வாயைத் திறக்காதே."

அவன் சொன்னதும் சரிதான். குடியிருக்கும் வீட்டை, தன் மகனுக்கு வேண்டுமென்று காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவது?

விலைக்கு வந்திருந்த அந்த வீட்டைப் புரோக்கர் விறுவிறுவென்று சுற்றிக் காட்டினார். சமையலறை ஜன்னலருகே நின்றதும் அவள் மனசு அங்கேயே உட்கார்ந்துவிட்டது. பாழாய்ப்போன மனசு, போகிற வீட்டையெல்லாம் சொந்தமாக்கிப் பார்க்கும். எந்த அலமாரியில் எந்தப் பாத்திரம் என்றுகூட முடிவு செய்துவிட்டாள்.

அப்போதுதான் வீடு பார்க்க இன்னொரு ஜோடி வந்தது. சின்ன வயசு. அந்தப் பெண்ணுக்கு நிறைமாதம் வேறு.

புரோக்கர் அவர்களிடம் கையை விரித்தார். இவங்களுக்குப் பிடித்துவிட்டது, சாயங்காலம் அட்வான்ஸ் தருகிறார்கள், இனி நான் என்ன செய்ய முடியும் என்றார். இளைஞனின் முகம் செத்துப்போனது. ஆறு மாதமாக அலைகிறார்களாம். எந்த வீட்டைப் பார்த்தாலும் கடைசி நேரத்தில் கை நழுவிப் போகிறதாம். இந்த நிமிஷமே அட்வான்ஸ் கொடுத்துவிடுவதாகக் கெஞ்சினான். உள்ரூமை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. குழந்தை பிறக்கறதுக்குள்ள ஒரு வீடு வேணும். எங்களுக்கு விட்டுக் கொடுத்துடுங்க."

சுவர் விஷயம் தொண்டை வரை வந்தது. அந்த ஈரத்திலா பச்சைக் குழந்தையைப் போடப் போகிறாள்? கணவன் முறைத்தான்.

"எடுத்துக்கோம்மா," என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அட்வான்ஸ் கை மாறியது. நன்றி சொல்லி மாளாமல் அவர்கள் போனார்கள். வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்த புரோக்கருக்கு வாயெல்லாம் பல்.

"அந்த அழுகை பிரமாதம்மா, போன வாரத்தைவிட நல்லா இருந்துச்சு. நாளைக்கு இன்னொரு வீட்டுக்கு இதே மாதிரி வாங்குறவங்களா வந்து நின்னுடுங்க, சொன்னபடி உங்களுக்கு ஒரு வாடகை வீடு பிடிச்சுக் கொடுத்துடறேன்."