தண்ணி அடித்துவிட்டு

பகலெல்லாம் கலவைச்சட்டி தூக்கிய கை, முழங்கைக்கு மேல் உயர மறுத்தது. அந்தக் கையால்தான் என் இணையதளத்தைப் போனில் திறந்தேன். கட்டட வேலையில் நினைவுக்கு வருவதையெல்லாம் அதில் எழுதி வைக்கிறேன். மாதம் நாற்பது பேர் படித்தால் அதிகம்.

எதிரில், என்னோடு வேலை பார்த்துச் செத்துப்போன இருளப்பனின் மனைவி முத்துப்பேச்சி. மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள். என் பக்கத்தை அச்செடுத்து, ஒரு வரிக்கு மட்டும் மஞ்சள் பூசியிருந்தார்கள்: 'சாரத்திலிருந்து விழுந்து செத்த அன்றும் இருளப்பன் தண்ணி அடித்துவிட்டுத்தான் மேலே ஏறினான்.'

"காண்ட்ராக்டரோட வக்கீல் குடுத்தாரு. குடிச்சிட்டு விழுந்தவனுக்கு நஷ்டஈடு கிடையாதாம். அந்த மனுசன் பீடிகூடத் தொட்டதில்லண்ணே."

"பூசுன சுவத்துக்குத் தண்ணி அடிச்சதைத்தான் எழுதுனேன் தாயி. நம்ம ஆளுகளுக்குத் தெரியும்ல?"

"நம்ம ஆளுகளா லேபர் ஆபீசு நாற்காலியில உக்காந்து விசாரிக்கிறாங்க?"

'குழாய் பிடித்துச் சுவரை நனைத்துவிட்டு' என்று உடனே வரியைத் திருத்தப் போனேன். போனைக் கையால் மறைத்தாள்.

"இப்ப மாத்துனா நான் சொல்லி மாத்துனதா ஆயிரும். வியாழக்கிழமை லேபர் ஆபீசுக்கு வந்து வாயால சொல்லுங்க. இம்புட்டு எழுதுறவருக்குப் பேச வராதா?"

நானும் அதே காண்ட்ராக்டரிடம்தான் வேலை பார்க்கிறேன். "பாப்போம்" என்றேன்.

வியாழக்கிழமை நான் மூன்றாவது மாடியில் பூச்சு வேலையில் நின்றேன். விசாரணையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டார்களாம். நடந்ததையெல்லாம் இதே இணையதளத்தில் எழுதியாகிவிட்டது. முத்துப்பேச்சிக்கு நான் சொல்ல வேண்டிய சாட்சி இன்னும் பாக்கி.