சங்கரா முள்

"ஏறும்மா மிஷின் மேல."

செங்கொடி உள்ளே நுழைந்து முழுசாக ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குள் டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

"சார், எனக்கு ஒண்ணும் இல்ல. எங்க வூட்டுக்காரருக்குத்தான்..."

"உடம்பு பெருத்தவங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. ஏறு."

பக்கத்தில் புருஷன் டில்லிபாபு தொண்டையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய நின்றான். மீன் முள் மாட்டிப் பேச்சே வரவில்லை. சோற்று உருண்டை, வாழைப்பழம் எல்லாம் விழுங்கிப் பார்த்தும் அது அசையவில்லை. மனுஷனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவளுக்குப் பயம். வேறு வழியில்லாமல் எடை மிஷினில் ஏறினாள்.

"பார்த்தியா! இனிமே சோத்தைக் கிட்டவே சேர்க்காதே. காலையில எண்ணூர் ரோட்டுல நட."

"சார், முள்ளு மாட்டிக்கினு கீது சார்!"

"முள்ளு இருந்தா செருப்புப் போட்டுக்கிட்டு நட."

டில்லிபாபு "ஆங்... ஆங்..." என்று மேஜையைத் தட்டினான். டாக்டருக்கு மனசு இளகிவிட்டது.

"பாரும்மா, உன்னை நெனச்சு இந்த மனுஷன் எப்படி அழறாரு! இவருக்காகவாவது நீ வாயைக் கட்டக் கூடாதா?"

கம்பவுண்டர் வேதமாணிக்கம் எட்டிப் பார்த்தார். "கொள்ளுக் கஞ்சி குடிம்மா. என் மச்சினிச்சி துரும்பா இளைச்சிட்டா."

வெளியே பெஞ்சில் காய்ச்சலோடு சுருண்டு கிடந்தவர்கூடத் தலையைத் தூக்கினார். "டி.வி.யில காட்றானே, அந்த பெல்ட்ட வாங்கிக் கட்டிக்கோம்மா."

அவ்வளவுதான், செங்கொடிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மேஜை மேல் இருந்த டார்ச்சை எடுத்தாள். புருஷன் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து உள்ளே வெளிச்சம் அடித்தாள்.

"இங்க பாரு சார்!"

டாக்டர் அப்போதுதான் அவனைப் பார்த்தார். இடுக்கியை விட்டு மெள்ள இழுத்தார். வெளியே வந்தது நல்ல நீளமான சங்கரா மீன் முள்.

"யப்பா, இவ்வளவு பெரிசா! முள்ளை எடுத்துட்டுச் சாப்பிடக் கூடாதா? அப்படி என்னய்யா அவசரம்?"

டில்லிபாபுவுக்குப் பேச்சு திரும்பிவிட்டது. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டான். செங்கொடிதான் சொன்னாள்.

"எங்க நான் திருப்பிப் புடுங்கிடுவேனோன்னு அவசரம் சார். அது என் தட்டுல இருந்த மீனு. 'ஏற்கெனவே குண்டா கீற, உனக்கு இன்னாத்துக்கு சங்கரா'ன்னு எடுத்து வாயில போட்டுக்கினாரு."